பதிவு எண் இல்லாமல் தொடங்கிய ஆய்வும், சங்கம் என்று நம்பிக் கட்டிய பணமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் கல்லூரியில் படித்து இப்போது வேறொரு மாவட்டத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒரு தம்பி கைப்பேசியில் அழைத்தான். "அக்கா, எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. நாளையிலிருந்து நோயாளிகளைச் சேர்க்கப்போகிறேன்" என்றான். மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் குழுவின் கடிதம் அது. குரலில் அவ்வளவு சந்தோஷம். சி.டி.ஆர்.ஐ. எண், அதாவது மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேட்டின் எண், வந்துவிட்டதா என்று கேட்டேன். "மருந்து எதுவும் கொடுக்கவில்லையே அக்கா, உடற்பயிற்சிதானே சொல்லித்தருகிறோம்" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கியது. நான்கு வருடங்களுக்கு முன் நான் சொன்னதும் இதேதான். அன்று என்னை நிறுத்த ஆள் இல்லை. அவனிடம் ஒரு மணி நேரம் பேசி நிறுத்திவைத்துவிட்டு, அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமைதோறும் சர்க்கரை நோய்க்கான தனிப் பிரிவு நடக்கும். ஒரு மணிக்குள் இருநூறு பேரைப் பார்த்து முடிக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள். செருப்பு வாசலோடு சரி. காலில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். முள் ஏறியதுகூடத் தெரியாமல் நான்கைந்து நாள் நடந்திருப்பார்கள். வீட்டில் யாராவது நாற்றம் வருகிறது என்று சொன்ன பிறகுதான் எங்களிடம் வருவார்கள். அதற்குள் விரலை எடுக்க வேண்டிய நிலை. 2020-இல் ஒரே மாதத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று பேருக்குக் கால் போனது. அந்த வேதனையில் பிறந்ததுதான் என் ஆய்வு.

யோசனை எளிமையானது. உள்ளங்காலைக் குனிந்து பார்க்க வயதானவர்களால் முடியாது. ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் போதும். கண்ணாடியும் கொடுத்து, வாரம் ஒருமுறை கைப்பேசியில் அழைத்து "இன்று பாதத்தைப் பார்த்தீர்களா?" என்று நினைவூட்டினால் புண் வருவது குறையுமா? 84 பேருக்குக் கண்ணாடியும் அழைப்பும். 84 பேருக்கு வழக்கமாக நாங்கள் சொல்லும் அறிவுரை மட்டும். ஆறு மாதம் பின்தொடர்வது. பாத்திரக் கடைத் தெருவில் கண்ணாடி ஒன்று 40 ரூபாய் வீதம் 84 வாங்கினேன். யாருக்குக் கண்ணாடி என்று முடிவுசெய்ய, 168 சீட்டுகளை எழுதி மடித்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டரிடம் கொடுத்தேன். அந்தப் பாட்டிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் எத்திக்ஸ் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். 2021 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. பிறகு கொரோனாவின் இரண்டாம் அலை. மே, ஜூன் மாதங்களில் ஆய்வைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. செப்டம்பரில் முதல் நோயாளியைச் சேர்த்தேன். 2022 அக்டோபரில் கடைசி நோயாளியின் ஆறு மாதம் முடிந்தது. அந்தப் பதின்மூன்று மாதமும் வாராவாரம் போக வேண்டிய அழைப்புகளை நானும் இரண்டு பட்டமேற்படிப்பு மாணவிகளும் பங்குபோட்டுக்கொண்டோம். இரவு சமையலறையில் நின்றுகொண்டே அழைப்பேன். என் மகளுக்கே அந்தக் கேள்வி மனப்பாடம் ஆகிவிட்டது.

2023 ஜனவரியில் கட்டுரையை எழுதி, ஒரு நல்ல இந்திய மருத்துவ இதழுக்கு அனுப்பினேன். பதினொன்றாம் நாள் பதில் வந்தது. நான் இரவுப் பணியில் இருந்தேன். மூன்றே வரிகள். கட்டுரை அதை மதிப்பிடும் துறை நிபுணர்களான விமர்சகர்களுக்கு அனுப்பப்படவில்லை, மருத்துவப் பரிசோதனைப் பதிவு எண் குறிப்பிடப்படவில்லை, எண் இருந்தால் தெரிவிக்கவும். அவ்வளவுதான். பதிவு என்றால் மருந்து கம்பெனிகள் செய்வது என்று எனக்குள் எப்படியோ பதிந்திருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து தூங்காமல் சி.டி.ஆர்.ஐ. தளத்தைத் திறந்து படித்தேன். அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

சி.டி.ஆர்.ஐ. என்பது இந்திய மருத்துவப் பரிசோதனைகளின் பொதுப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது. 2007 ஜூலையில் தொடங்கியது. மருந்து மட்டுமல்ல, அறுவை முறை, கருவி, வாழ்க்கைமுறை மாற்றம், நோயாளிக்கு ஏதாவது கற்றுக்கொடுப்பது, மறுவாழ்வுப் பயிற்சி, சித்தா, ஆயுர்வேதம் என்று மனிதர்களிடம் எந்தத் தலையீட்டைச் சோதித்தாலும் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன் அதில் பதிய வேண்டும். கண்ணாடி கொடுப்பதும் தலையீடுதான். பதிவுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. 2018 ஏப்ரல் 1-க்கு முன் தொடங்கிவிட்டுப் பின்னால் பதிய வழி இருந்தது. அந்தத் தேதியிலிருந்து அந்தக் கதவை மூடிவிட்டார்கள். நான் முதல் நோயாளியைச் சேர்த்தது 2021 செப்டம்பர். இதழ்களும் இதைச் சும்மா கேட்கவில்லை. முன்கூட்டிப் பதியாத பரிசோதனைகளை ஏற்பதில்லை என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதலே வைத்திருக்கும் விதி அது. காரணமும் நியாயமானது. எதை அளக்கப்போகிறோம் என்று முன்பே ஊரறியச் சொல்லிவிட்டால், முடிவு வந்த பிறகு நமக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்காட்ட முடியாது.

எத்திக்ஸ் கமிட்டியின் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், கையெழுத்துகளுக்கு மேலே, நிபந்தனைகளில் ஐந்தாவதாக, ஆய்வைத் தொடங்குமுன் உரிய பதிவுகளை முடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இரண்டு வருடம் அந்தக் கடிதம் என் கோப்பில்தான் இருந்தது. "ஒப்புதல் அளிக்கப்படுகிறது" என்ற வரியோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டிருந்தேன். இதைப் படிப்பவர்கள் யாராவது ஆய்வு வைத்திருந்தால், தயவுசெய்து இப்போதே போய் அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ஒப்புதல் வந்த மறுநாள் நோயாளியைச் சேர்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். பதிவேட்டில் விண்ணப்பம் போட்டால் கேள்விகள் திரும்பி வரும். பதில் சொன்னால் மறுபடி வரும். அதற்கென்று இரண்டு மாதத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

இன்னொரு இதழுக்கு அனுப்பினேன். அங்கும் அதே பதில். துறைத்தலைவரிடம் சொன்னபோது, "விட்டுவிடுங்கள் அம்மா, நமக்கு எதற்கு இதெல்லாம், வார்டு வேலையைப் பாருங்கள்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இணைப் பேராசிரியர் பதவிக்கு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். என் கையில் ஒன்று குறைந்தது. 168 பேரை ஏமாற்றிவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். எப்படியாவது இதை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் மறுபக்கம். அந்தப் பதற்றத்தின் நடுவில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது.

மருத்துவ ஆய்வு செய்யும் மருத்துவர்களுக்கான "சர்வதேச" சங்கம் ஒன்று. பெயரைச் சொல்லப்போவதில்லை, இன்று ஒரு பெயரில் இருப்பார்கள், நாளை வேறு பெயரில் வருவார்கள். "உங்கள் சிறப்பான பங்களிப்பைக் கவனித்துவருகிறோம்" என்று தொடங்கிய கடிதம். சங்கத்தின் ஃபெல்லோவாக, அதாவது சிறப்பு உறுப்பினராக, என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம். வாழ்நாள் கட்டணம் 22,000 ரூபாய். எழுத்துகளுக்காக நான் கட்டவில்லை. "இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டி ஒருவரை அமைத்துத்தருவோம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் கட்டினேன். அந்த நாட்களில் எனக்கு வேண்டியிருந்தது, என் ஆய்வைப் பற்றிப் பேச ஒரு மனிதர். அவ்வளவுதான்.

வழிகாட்டி வரவில்லை. மாநாட்டு அழைப்பு வந்தது. பாங்காக்கில் மூன்று நாள்; நான் "முதன்மைப் பேச்சாளர்". பதிவுக் கட்டணம் 34,000. விமானம், விசா, ஓட்டல் எல்லாம் சேர்த்து 61,000. கணவரிடம், வேலைக்கு உதவும் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஓட்டலின் இரண்டாம் மாடியில் ஒரு அறை. நூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எண்ணிப்பார்த்தேன், பதினான்கு பேர் இருந்தோம். எனக்கு முன் பேசியவர் கான்கிரீட்டில் சாம்பல் கலப்பதைப் பற்றிப் பேசினார். எனக்குப் பின் ஒரு பல் மருத்துவர். அவரும் என்னைப் போலவே கண்ணில் கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு பெண் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்போதாவது விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், சங்கத்தின் இதழில் என் கட்டுரையைப் போடுவதாக எழுதினார்கள். பதிவு எண் கேட்கவில்லை. நான்கே நாளில் "ஏற்கப்பட்டது" என்று பதில். விமர்சகரின் ஒரு கேள்விகூட இல்லை. கட்டணம் 41,000. கட்டினேன். அச்சில் என் பெயரைப் பார்த்த அன்று நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிம்மதி பதவி உயர்வுக் கோப்பு திரும்பி வரும்வரை நீடித்தது. நல்ல இதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் தளங்களில் அந்த இதழைத் தேடினேன். ஸ்கோபஸிலும் இல்லை, மெட்லைனிலும் இல்லை, பப்மெட் சென்ட்ரலிலும் இல்லை, டி.ஓ.ஏ.ஜே.யிலும் இல்லை. அதன் தளத்தில் ஏழெட்டு முத்திரைகள் வரிசையாக இருந்தன. தாக்கக் காரணி, அதாவது இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அளவு, என்று பெரிய எழுத்தில் ஓர் எண் போட்டிருந்தது. கூகுள் ஸ்காலரில் வருவதும் இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பதும் தரத்துக்கு அத்தாட்சி இல்லை என்று எனக்கு அதுவரை தெரியாது. கட்டுரையை நீக்கச் சொல்லி எழுதினேன். நீக்குவதற்கு 300 டாலர் கேட்டார்கள். நான் கட்டவில்லை. அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

மொத்தக் கணக்கைச் சொல்கிறேன். ஆய்வுக்கு என் கைப்பணம்: கண்ணாடி 3,360, அச்சும் கைப்பேசியும் 9,200, புள்ளியியல் பார்த்தவருக்கு 18,000. இதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சங்கத்துக்காகப் போனது 1,58,000. இந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை எங்கோ வெளியாகிவிட்ட கட்டுரையை மறுபடி நல்ல இதழுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் இரட்டைப் பிரசுரம். அதாவது, பணம் கட்டி நானே அந்தத் தரவைப் பூட்டிவிட்டேன். இப்படி ஓர் இதழிடம் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால், பணம் கட்டுவதற்கும் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்பே "திரும்பப் பெறுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பி, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மின்னஞ்சலை நான் அனுப்பியிருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம்.

இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஹைதராபாத்திலிருந்து நூற்றுக்கணக்கான இதழ்களையும் மாநாடுகளையும் நடத்திய ஒரு நிறுவனத்தின்மேல் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, 2019-இல் நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. என்னை ஏமாற்றியவர்கள் அவர்கள் அல்ல. ஆனால் முறை ஒன்றுதான்: புகழ்ச்சிக் கடிதம், விமர்சனமே இல்லாத ஏற்பு, ஆளில்லாத மாநாடு, திரும்பப் பெறவும் கட்டணம். படித்த மருத்துவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். தனியாக இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

உண்மையான சங்கத்துக்குள் நான் போனது தற்செயலாக. 2023 கடைசியில், சர்க்கரை நோய் மருத்துவர்களின் சங்கம் ஒன்று மாநில அளவில் ஆராய்ச்சி முறைகள் பற்றி ஒரு நாள் பயிலரங்கு நடத்தியது. கட்டணம் 500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. போகவே மனமில்லை, என் மாணவி ஒருத்தி தனக்குத் துணை வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள். மதியம், ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியை எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்து, "நீங்கள் என்ன செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. "சீட்டை யார் எடுத்தார்கள்?" என்று கேட்டார். சிஸ்டர் என்றேன். "எடுத்த சீட்டைத் திரும்பப் பாட்டிலில் போட வழி இருந்ததா?"

எனக்கு உடனே ஒரு காட்சி வந்தது. 2021 நவம்பரில் ஓர் ஆச்சி, பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் கையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒன்று தா தாயி" என்று சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் எடுத்த சீட்டில் வெறும் அறிவுரை என்றுதான் இருந்தது. அவர் அதை மடித்து உள்ளே போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். நல்ல மனசு என்று நினைத்தேன். மனிதராக அது நல்ல மனசுதான். ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்கும் அக்கறை உள்ளவர்களுக்கும் கண்ணாடி போயிருந்தால், பின்னால் புண் குறைந்தது கண்ணாடியாலா, அவர்களின் அக்கறையாலா? அப்படி எத்தனை முறை நடந்தது என்று எனக்குத் தெரியாது. பேராசிரியை மெதுவாகச் சொன்னார்: "பதிவு எண் இருந்திருந்தாலும் இந்த ஆய்வு நின்றிருக்காது அம்மா. வரிசை எண் போட்ட, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத, ஒட்டிய உறைகள் வேண்டும். வரிசையை வேறு யாராவது கணினியில் தயாரிக்க வேண்டும். இதை ஆரம்பத்தில் யாரிடமாவது காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்."

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நல்ல சங்கங்கள் கொடுக்கின்றன. பெயருக்குப் பின்னால் போடும் எழுத்தோ, சுவரில் மாட்டும் சட்டமோ அவற்றின் பயன் அல்ல. பெரிய ஆய்வு நிறுவனங்களில் புள்ளியியல் நிபுணரும் மூத்தவர்களும் பக்கத்து அறையிலேயே இருப்பார்கள். நம்மைப் போல் மாவட்ட மருத்துவமனைகளில் சிகிச்சையும் பார்த்து ஆய்வும் செய்ய நினைப்பவர்களுக்கு அந்த அறை சங்கம்தான். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையத்தின் ஆய்வை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் கிடத்தாமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் காசநோய் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்கே காட்டிய ஆய்வு. அதன் பின்னால் ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு என நான்கு தரப்பு நின்றது. நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தனியாக நின்றேன்.

அமெரிக்காவிலும் இதே தவிப்பு இருந்திருக்கிறது. அங்கே 1885-இல் தொடங்கிய மருத்துவர் சங்கம் மூத்தவர்களின் இடமாக இருந்ததால், ஆய்வு செய்யும் இளைய மருத்துவர்கள் தங்களுக்கென்று 1908-இல் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் பணம் கட்டி ஃபெல்லோ ஆக முடியாது. செய்த வேலையைப் பார்த்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். 1979-இல் ஜேம்ஸ் விங்கார்டன் என்ற மருத்துவர், ஆய்வு செய்யும் மருத்துவர்கள் அழிந்துவரும் இனம் என்று எழுதினார். எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே அப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், இங்கே வியாழக்கிழமை இருநூறு பேரைப் பார்த்துவிட்டு ஆய்வு செய்பவரை யாராவது தாங்கிப்பிடிக்க வேண்டாமா?

ஒரு சங்கம் நிஜமா போலியா என்று பார்க்க இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். அது எங்கே பதிவானது, பொதுக்குழு எப்போது கூடியது, நிர்வாகிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுகிறார்களா என்று பார்ப்பேன். தமிழ்நாட்டில் பதிவான சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இந்த விவரம் இருந்தே ஆக வேண்டும். நிர்வாகிகள் பட்டியலில் உள்ள ஒருவருடைய மருத்துவமனைக்கு நேரடியாக அழைத்து, "நீங்கள் இதில் இருக்கிறீர்களா?" என்று கேட்பேன். போலிச் சங்கங்களில் பலருக்குத் தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாது. நம் துறையில் நமக்கு மூத்தவர் ஒருவராவது அதன் கூட்டத்துக்குப் போயிருக்கிறாரா என்று விசாரிப்பேன். இதழ் என்றால் அதன் தளத்தில் உள்ள முத்திரையை நம்பாமல், ஸ்கோபஸ், டி.ஓ.ஏ.ஜே. தளங்களுக்கு நானே போய்ப் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் தேடுவேன். ஒரே பெயரில் ஒரு எழுத்து மாற்றி இதழ் நடத்துபவர்களும் உண்டு. மின்னஞ்சல் நம்மைத் தேடி வந்து புகழ்ந்தால், முதல் வேலையாக அதை இன்னொருவருக்குக் காட்டுவேன். வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டதன் விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

நல்ல சங்கங்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவர் சங்கமான ஏ.பி.ஐ. 1944-இலிருந்து இருக்கிறது, மாநிலக் கிளைகளோடும் சொந்த இதழோடும். சர்க்கரை நோய் ஆய்வுக்கான ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. 1972-இல் தொடங்கியது, ஆய்வுக்கு நிதியும் கொடுக்கிறது. மருத்துவப் பரிசோதனைத் துறையினருக்கான ஐ.எஸ்.சி.ஆர். 2005 முதல் நடக்கிறது. சங்கம் இல்லை என்றாலும், அம்பத்தூர் அருகே அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையத்தில் அடிப்படை ஆராய்ச்சிப் பாடம் ஒன்றை நடத்துகிறது. பட்டமேற்படிப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் அதை முடித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தபோது நானும் சான்றிதழுக்காக முடித்தேன். பதிவேடு பற்றிய பகுதி அதிலேயே இருந்தது. வார்டுக்கும் வீட்டுக்கும் இடையில் பாடத்தை ஓடவிட்டுவிட்டு, தேர்வை மட்டும் எழுதினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் ஆய்வுத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைக் கேளுங்கள்.

சங்கத்தில் சேர்ந்தால் மட்டும் போதாது, எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலோர் ஆய்வு முடிந்த பிறகு, சுவரொட்டி வைக்க மாநாட்டுக்குப் போகிறோம். ஆய்வு வெறும் இரண்டு பக்கத் திட்டமாக இருக்கும்போதே போக வேண்டும். ஒரு கேள்வி, யாரைச் சேர்ப்பேன், எதை அளப்பேன், எத்தனை பேர் வேண்டும், அவ்வளவு போதும். மூத்தவர்களிடம் "வழிகாட்டுங்கள் சார்" என்று பொதுவாகக் கேட்டால் அவர்களும் பொதுவாகத்தான் தலையாட்டுவார்கள். "இந்த அளவீடு சரியா, இத்தனை பேர் போதுமா?" என்று தாளை நீட்டிக் கேட்டால் பேனாவை எடுத்துவிடுவார்கள். அதே கண்ணாடி யோசனைக்கு நான் புதிதாக எழுதிய திட்டத்தில் பேராசிரியை முதல் நாளே மாதிரி எண்ணிக்கையை அடித்துவிட்டு, புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவரின் எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதினார். பழைய ஆய்வைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு: "அந்த 168 பேரிடம் போய்ச் சொன்னாயா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மருந்து வாங்க வருபவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். நீங்கள் கொடுத்த நேரத்தை நான் சரியாகப் பயன்படுத்தவில்லை, தவறு என்னுடையது, இந்த ஆய்வை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. பலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கையைப் பிடித்துக் கண்ணாடி கேட்ட அந்த ஆச்சி, "அதனால் என்ன டாக்டரம்மா, கண்ணாடி இருக்கிறதே" என்றார். பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறாராம். விளக்கேற்றும்போது பாதத்தையும் பார்த்துவிடுவாராம். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

புதிய ஆய்வுக்குச் சங்கத்தின் சிறு நிதி 2024-இல் கிடைத்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் கண்ணாடியும் கைப்பேசிச் செலவும் உறைகளும் அதில் அடங்கும். இன்னொரு மாவட்ட மருத்துவமனையும் சேர்ந்திருக்கிறது. அந்த மருத்துவரை அதே பயிலரங்கில்தான் சந்தித்தேன். சி.டி.ஆர்.ஐ.யில் விண்ணப்பம் போட்டபோது நான்கு முறை கேள்வி வந்தது. முதன்மை முடிவு எது, அதை எந்த நாளில் அளப்பீர்கள் என்பது தெளிவாக இல்லை என்றார்கள். இரண்டு முறை எரிச்சல்பட்டேன். மூன்றாம் முறை பதில் எழுதும்போதுதான், எதை அளக்கப்போகிறோம் என்பதில் எனக்கே தெளிவில்லை என்று புரிந்தது. ஏழு வாரம் கழித்து எண் வந்தது. ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் அந்த எண்ணை அச்சடித்து, உறைகளை இன்னொரு துறையில் பூட்டி வைத்துவிட்டு, அதற்கு அடுத்த வியாழக்கிழமை முதல் நோயாளியைச் சேர்த்தேன். இதுவரை 240-இல் 131 பேர் சேர்ந்திருக்கிறார்கள். உறையைப் பிரிக்கும் சிஸ்டரும் அதே சிஸ்டர்தான். ஏன் இந்த ஏற்பாடு என்று அவரிடம் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். வழக்கமான அறிவுரை என்று சீட்டு வந்தவர்களுக்கு, ஆறு மாதம் முடிந்ததும் கண்ணாடி கொடுக்கலாமா என்று அவர்தான் கேட்டார். அதையும் திட்டத்தில் எழுதி, கமிட்டியிடம் ஒப்புதல் வாங்கி, பதிவேட்டிலும் சேர்த்தோம்.

தம்பி நேற்று மறுபடி அழைத்தான். விண்ணப்பம் போட்டுவிட்டானாம், முதல் கேள்வி வந்துவிட்டதாம். நோயாளிகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான், யாரையும் இன்னும் சேர்க்கவில்லை.